சைடு முடியட்டும் என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

நேற்று போனில் எல்லாச் செய்தியையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்துவிட்டாய். ஆயுத பூஜைக்குக் காலையிலேயே நானும் அப்பாவும் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட வேண்டும். பூஜை முடிந்து அக்கம்பக்கத்து ஷெட்டுகளையெல்லாம் பூட்டிக்கொண்டு எல்லாரும் போன பிறகு, அந்த அமைதியில் நீ ஒரு பெரிய இசைத்தட்டை வெட்டப் போகிறாய். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்றைக்கே நீயும் செல்வியும் ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறைக்குக் குடிபோகிறீர்கள். "சரியாம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "வெச்சிடறேன், மிஷின் ஓடுது" என்றாய். சரி என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே இதை எழுதி வைக்கிறேன்.

நேரில் வந்து சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், பெல் அடிச்சாச்சு" என்று சிரித்தே என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவாய். கடிதமாக உனக்கு மட்டும் அனுப்பினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய், அது துவைக்கிற கல்லுக்குப் போய்ச் சேரும். அதனால் இதை நான்கு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று என் மருமகள் செல்விக்கு, ஒன்று உன் பக்கத்து ஷெட் லோகுவுக்கு. நான்காவதை உன் ஷெட் கதவில் நானே என் கையால் ஒட்டுவேன். கதவருகே நின்று படிக்கிற கூரியர்காரருக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. பொறுத்துக்கொள்.

உன் வேலை இன்னது என்று எனக்கே நீ பல முறை சொன்ன பிறகுதான் பிடிபட்டது. ஸ்டுடியோவில் பாடிப் பதிந்து முடித்த பாட்டு கடைசியாக உன்னிடம் வருகிறது. போனில் கேட்பவருக்கு ஒரு விதமாகவும் இசைத்தட்டில் கேட்பவருக்கு வேறு விதமாகவும் அதைச் செப்பம் செய்கிறாய். அதற்குப் பேர் மாஸ்டரிங் என்றாய். போனுக்கு என்றால் வேலை அதோடு முடிந்தது. இசைத்தட்டுக்கு முடிவதில்லை. கருப்புப் பூச்சு பூசிய ஓர் அலுமினியத் தட்டைச் சுழலவிட்டு, சூடான ஊசியால் அந்தப் பாட்டை ஒரே கோடாக, வெளி விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வெட்ட வேண்டும். அந்தத் தாய்த் தட்டை வேறு ஊருக்கு அனுப்பி, அச்சு எடுத்து, கடைக்குப் போகிற தட்டுகளை அழுத்துகிறார்கள். வெட்டுகிற மிஷினுக்கும் லேத் என்றுதான் பெயர். தேர்வாய் கண்டிகைக்குப் போகிற சாலையில் ஷெட் பிடித்து நீ அதை இறக்கிய அன்று, பக்கத்தில் பிரஸ் டூல் பட்டறை வைத்திருக்கும் லோகு என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"இன்னா டீச்சர், பையன் லேத்து போட்டுக்கிறாராமே. நமக்கு ரெண்டு புஷ் கடஞ்சு குடுப்பாரா?"

"அது பாட்டு வெட்டற லேத்துங்க."

"பாட்ட வெட்டுவாங்களா? எங்க ஊட்டுக்காரம்மா கூட பாடும் டீச்சர். அத்தயும் கொஞ்சம் வெட்டிக் குடுக்கச் சொல்லு, புண்ணியமா போவும்."

அன்று நீ எனக்கு வெட்டாத தட்டு ஒன்றை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு காட்டினாய். அப்படி ஒரு கருப்பை நான் பார்த்ததில்லை. கண்ணாடியைவிடச் சுத்தமாக என் முகம் தெரிந்தது. நெற்றியில் பொட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருந்ததைக்கூட அதில் பார்த்துத்தான் சரி செய்தேன். "தொட்டுடாதம்மா, கை பட்டா போச்சு" என்றாய். அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினாய். வெட்டி முடித்த சாம்பிள் தட்டுகள் வரிசையாக இருந்தன. "மத்தவங்க அலமாரியப் போய்ப் பாரு, பாதில நின்ன தட்டா அடுக்கி வெச்சிருப்பாங்க. என்கிட்ட ஒண்ணு காட்டு பாக்கலாம்" என்றாய். அந்த வேலையில் அழித்து எழுதுவது கிடையாது, ஊசியை வைத்தால் ஒரு பக்கம், உன் பேச்சில் ஒரு சைடு, முடிகிறவரை எடுக்கக் கூடாது, நடுவில் தூக்கினால் அந்தத் தட்டு குப்பை என்று விளக்கினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளையாட ஓடுகிற பிள்ளையாக இருந்த நீயா இவன் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்த அலமாரியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

உன் பொறுமையையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் திருவள்ளூரிலிருந்து ஒரு பாட்டுக் குழுப் பையன் வந்திருந்தான். எல்லாவற்றையும் இன்னும் சத்தமாக வைக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றான். நீ கோபப்படவில்லை. சத்தம் கூடினால் கோடு அகலமாக ஆடும், அகலமாக ஆடினால் பக்கத்துக் கோட்டை இடிக்கும், இரண்டு கோட்டுக்கும் நடுவில் வெறும் இடம் கொஞ்சம் விட்டே ஆக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாய். அவனுக்குப் புரியவில்லை. உடனே என் அண்ணன் கதையை இழுத்தாய். "எங்க மாமா பக்கத்துக் கழனிக்காரரோட போட்டி போட்டுக்கினு வருஷா வருஷம் வரப்ப ஒரு ஓரமா சீவுவாரு. அந்தாண்ட அவரும் சீவுவாரு. கடைசில வரப்பு கவுறு கணக்கா ஆயிடுச்சு. ஒரு நாள் தலையில நாத்துக் கட்டோட நடந்து வந்தவரு, நேரா சேத்துல குந்திட்டாரு. உன் பாட்டும் அப்டித்தான் குந்தும் ப்ரோ. அந்த வெறும் இடம் இருக்கங்காட்டிதான் ரெண்டு பக்கமும் நிக்குது." அந்தப் பையன் சிரித்துவிட்டான், உன் பேச்சுக்கு ஒத்துக்கொண்டான். நானாக இருந்தாலும் அதைவிட நல்ல உதாரணம் சொல்லியிருக்க மாட்டேன். பாட்டுக்கு வரப்பு விடத் தெரிந்த உனக்கு, உன் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு விடத் தோன்றவில்லையே என்பதுதான் என் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊசி தட்டில் கோடு வெட்டும்போது, வெட்டிய பூச்சு நூல் நூலாக எழும்பி வருகிறது. அதை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சிக் கண்ணாடி ஜாடிக்குள் தள்ளுகிறது. நீ அதைச் சுருள் என்பாய். முதல் முறை பார்த்தபோது யாரோ தலை வாரி உருட்டிப் போட்ட முடி என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்தேன். எடையே இல்லை. "இது எதுல பண்ணதுப்பா?" என்று கேட்டேன். "நைட்ரோசெல்லுலோஸ். உனக்குத் தெரியாததா டீச்சர்?" என்றாய். தெரியும். நன்றாகவே தெரியும். உனக்கும் தெரியும், ஏனென்றால் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

பதினொன்றாம் வகுப்பில் என் பாடவேளையில் நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். எல்லாரையும் போல என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பது நம் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம். அன்று நான் பழைய டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைத் துண்டாக நறுக்கி, ஒரு துண்டை ஓட்டின் மேல் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். அந்தக் காலத்துப் பந்து, பஞ்சை அமிலத்தில் ஊற வைத்து எடுத்த அதே பொருளில், சூடத்தைக் கலந்து செய்தது. எரிந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது, இல்லாமல் போனது. நடுவில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நீ பெஞ்சிலிருந்து எழுந்து "அம்மா!" என்று கத்திவிட்டாய். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு நான் ஓட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன்: "சாம்பல் எங்கே?" எல்லாம் வாயுவாகிவிட்டது என்று நானே பதில் சொன்னேன். எரியக் காற்றை எதிர்பார்க்கிற பொருளை மூடி அணைக்கலாம், போர்வை போட்டு அணைக்கலாம். இது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் யாருக்கும் காத்திருக்காது என்று சொன்னேன். நீ பரீட்சையில் அதை அப்படியே எழுதியிருந்தாய். முழு மதிப்பெண் போட்டேன்.

தொடங்கிய புதிதில் நீ ஒழுங்காகத்தான் இருந்தாய். ஜாடியில் தண்ணீர் வைத்திருந்தாய், அன்றன்றைய சுருளை ஈரத்தோடு அள்ளி அப்புறப்படுத்தினாய். பிறகு தண்ணீர் வைத்தால் உறிஞ்சுகிற மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று நிறுத்தினாய். போன மாதம் வந்தபோது மாடிப்படிக்குக் கீழே ஓர் அரிசி மூட்டையைப் பார்த்தேன். கால் பட்டதும் உள்ளே அமுங்கியது. பிரித்துப் பார்த்தால் கழுத்துவரை உலர்ந்த சுருள். "மொத்தமா சேர்ந்ததும் எடுத்துக்கினு போய்க் கொட்டிடுவேம்மா" என்றாய். மேல் அறைக்கு அந்த ஒரு படிதான், தம்பி. ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான். ஐந்து மாத வயிற்றைச் சுமக்கிற செல்வி அதன் மேல் ஏறி இறங்கப் போகிறாள். கீழே அந்த மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

போன வருடத்து ஆயுத பூஜையை நீ எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்கிறாய். நானும் அங்கே நின்றிருந்தேன், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். வாசலில் வாழைக்கன்று கட்டி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் உடைக்கத் தயாராக இருந்தோம். நீ சூடத்தை வாசலிலேயே ஏற்றிக் காட்டிவிடலாம் என்று பார்த்தாய். லோகுதான் விடவில்லை. "இன்னா சார் நீ, மிஷினுக்குக் காட்டாத பூஜை ஒரு பூஜையா?" என்று சூடத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு தொங்கிய ஒற்றைச் சுருள், கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத ஒரு நூல், சுடரின் பக்கம் தானாக வளைந்தது. வெள்ளை வெளிச்சம் ஒன்று குழாய் வாய்வரை ஏறி, நின்றது. சத்தமே இல்லை.

"அம்மா வந்துட்டா!" என்று லோகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெரியபாளையத்து ஆத்தா நேரா மிஷின்ல எறங்கிட்டா சார்! இனிமேட்டு உனக்கு ஒரு கொறையும் வராது!" பட்டறைப் பையன்கள் எல்லாம் கும்பிட்டார்கள். செல்வியின் கண்ணில் தண்ணீர். நீயும் கும்பிட்டாய். அதற்கப்புறம் உனக்கு வேலை நிறைய வந்தது, அதனால் அந்த வெளிச்சம் நம் குடும்பக் கதையாகவே ஆகிவிட்டது. எனக்கும் அம்மன் மேல் பக்தி உண்டு. ஆடி மாதம் அவள் கோயிலில் நானும் வேப்பிலைச் சேலை கட்டி வலம் வந்தவள்தான். ஆனால் அன்று வெளிச்சம் நின்ற இடத்தை நான் பார்த்தேன். அது குழாய்க்குள் போகாமல் நின்றதற்குக் காரணம், முந்தின நாள் நீ ஜாடியைக் காலி செய்து, குழாயையும் துடைத்திருந்தாய். அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது உன் சுத்தம். அந்த நன்றியை வேறு இடத்தில் செலுத்திவிட்டதால், சுத்தம் தேவையில்லாமல் போய்விட்டது. இந்த வருடமும் லோகு சூடத் தட்டோடு உள்ளே வருவார். இந்த முறை அவர் அந்த வெளிச்சத்தை எதிர்பார்த்தே வருவார். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டுவார்.

அடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. லாரி ஓடாத, பிரஸ் அடிக்காத நாள் என்பதால் நீ ஞாயிறுதோறும் தட்டு வெட்டுவாய். தரை அதிர்ந்தால் கோட்டில் பதிந்துவிடும். நானும் செல்வியும் உனக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு வந்தோம். உள்ளே கால் வைத்ததும் கருகல் வாசனை. ஜாடிக்குப் பக்கத்தில் உறிஞ்சுகிற மோட்டாரிலிருந்து நூல் போலப் புகை. ஜாடி முக்கால்வாசி நிறைந்திருந்தது. நான் "தம்பி!" என்றேன். நீ ஹெட்போனை ஒரு காதில் நகர்த்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கினாய். "இரும்மா. சைடு முடியட்டும்."

"மோட்டார் எரியுதுங்க" என்றாள் செல்வி.

"தெரியுது. அத்த நிறுத்தினா சுருள் ஊசில சிக்கிக்கும், தட்டு போயிடும். கடைசிப் பாட்டுதான். நில்லு."

நான் சுவரோரம் போய் ஸ்விட்சில் கை வைத்தேன். அணைக்கவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்பக்கம் போகப்போகக் கோட்டின் நெளிவுகள் நெருக்கமாகும், கூர்மையான ஒலி மங்கும், கடைசிப் பாட்டை வெட்டுவதுதான் கஷ்டம் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கும் அந்தத் தட்டு கெட்டுவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது, அதுதான் கொடுமை. செல்வி என் கையைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கினாய், மோட்டாரை நிறுத்தினாய், தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாய். இதுவரை வெட்டியதிலேயே நல்ல பக்கம் இதுதான் என்றாய். "பாத்தியா? ஒண்ணும் ஆகல" என்று சிரித்தாய். ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பயம் தந்த மாணவன் கைதவறிக் கொட்டுகிறவன் இல்லை. தப்பாகச் செய்தும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தவன்தான். அவன் அடுத்த முறையும் அப்படியேதான் செய்வான், இன்னும் தைரியமாக.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"இன்னாத்துக்கு நீ சும்மா பேஜார் பண்ற? அந்த ஏரியால பாய்லர் கீது, இரும்பு உருக்கறான், கேஸ் நிரப்பறான். அவன்லாம் குடும்பம் நடத்தல?"

"பாய்லர் மேல யாரும் கட்டில் போட்டுப் படுக்கலீங்க."

"பையனுக்கு அவன் வேல தெரியும்."

"வேல தெரியும். வேலய வுடத் தெரியல."

அவர் கையிலிருந்த பேப்பர் நெடுநேரம் பக்கம் திரும்பவில்லை.

மாசமாக இருக்கிறவள் வீடு மாற்றக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லி உன்னைத் தடுத்திருக்கலாம், உன் மாமியார் பழவேற்காட்டிலிருந்து ஓடி வந்து என் பக்கம் நின்றிருப்பார். ஆனால் நான் நம்பாத ஒன்றைச் சொல்லி உன்னை நிறுத்த எனக்கு மனமில்லை. இருக்கிற காரணமே போதும், அதை நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த இடம்வரை எழுதிவிட்டுக் காபி போட எழுந்தபோது செல்வி போன் செய்தாள். மேல் அறையைக் கழுவித் துடைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"அத்தே, ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. படிக்குக் கீய ஒரு மூட்ட இருந்துச்சில்ல, கருப்பா முடியாட்டம். மெத்துன்னு கீது அத்தே, இலவம் பஞ்சு தோத்துடும். கால் வீங்குதேன்னு அத்த அடச்சு ஒரு தலகாணி தச்சுட்டேன். மீந்ததுல பாப்பாவுக்கு ஒரு குட்டித் தலகாணி."

"இப்ப எங்கம்மா இருக்குது?"

"மருந்து வாசன அடிச்சுது. வெய்யில்ல காஞ்சா போய்டும்னு மொட்ட மாடில போட்டுக்கிறேன்."

"செல்வி, நான் சொல்றதக் கேளு. கையால தூக்காத. ஒரு பக்கெட் தண்ணி கொண்டுபோய் அது மேல மொத்தமா ஊத்து."

"ஐய, புதுத் தலகாணி அத்தே!"

"ஊத்து கண்ணு. பொறவு சொல்றேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் போவது கேட்டது. படியேறும் சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றேன். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அது என்ன பொருள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத்தே. நேத்தும் முந்தா நேத்தும் மத்தியானம் மேல் ரூம்ல அத்த வெச்சுக்கினுதான் படுத்தேன். கொசு புடுங்குதேன்னு கட்டிலுக்குப் பக்கத்துல கொசுவத்தி ஏத்தி வெச்சேன்." பிறகு மெதுவாக, "இவரு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அத்தே" என்றாள்.

தம்பி, நீ சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்பாய். உன் இயந்திரத்தில் எந்த ஒலி எங்கே நிற்க வேண்டும், எதைக் குறைத்தால் ஊசி தடம் மாறாமல் ஓடும் என்று மயிரிழைக் கணக்கில் யோசிக்கிற நீ, தலைமாட்டில் கொசுவத்தி வைத்துத் தூங்கியவளிடம் சொல்ல வேண்டிய ஒரே வரியை விட்டுவிட்டாய். இனி அந்த மேல் அறைக்கு அவள் வரமாட்டாள். நான் தடுத்ததாக நினைக்காதே. போனை வைக்கும்முன் அவளாகவே சொன்னாள். நீங்கள் இப்போது இருக்கும் ஸ்டேஷன் பக்கத்து வாடகை வீட்டிலேயே இருக்கிறாளாம். நீ வேண்டுமானால் வேலை முடித்துவிட்டு அங்கே வா.

இனி பூஜை நாள். மூட்டையில் மிஞ்சியதை முதல் நாளே தண்ணீரில் அமுக்கு. ஜாடியில் தண்ணீர் இல்லாமல் மிஷினைத் தொடாதே. மோட்டார் கெட்டால் கெடட்டும், வேறு வாங்கலாம். சூடம் வாசலோடு நிற்கட்டும். லோகு, இதைப் படிக்கிற நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மன் வாசலில் நின்றும் ஆசீர்வாதம் செய்வாள். இதெல்லாம் பக்கெட்டும் புத்தியும் இருந்தால் நடந்துவிடும். எனக்கு ராத்திரித் தூக்கம் போவது வேறொன்றை நினைத்து. பூஜை முடிந்து எல்லாரும் போய்விடுவார்கள். சாலையில் லாரி இருக்காது, எந்தப் பட்டறையிலும் ஆள் இருக்க மாட்டார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவரும் இல்லாத அந்த அமைதிக்காகத்தான் நீ வருடம் முழுக்கக் காத்திருக்கிறாய். அந்த அமைதியில் காதை மூடிக்கொண்டு, கடைசிப் பாட்டில், கருகல் வாசனை வரும்போது நீ யாரைப் பார்த்து "இரு" என்று கையைத் தூக்குவாய்?

நான் வருகிறேன். அப்பா வந்தாலும் வராவிட்டாலும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரியபாளையம் வழியாக வந்து, கதவில் இதை ஒட்டிவிட்டு, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். இந்த முறை கை வைத்துக்கொண்டு நிற்க மாட்டேன், நிறுத்திவிடுவேன். ஆனால் எல்லா ஞாயிறும் நான் அங்கே இருக்க முடியாது, எப்போதும் இருக்கப் போகிறவளும் இல்லை. அதனால் அன்றைக்கு எனக்கு நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். புகை இல்லாவிட்டாலும் வாசனை இல்லாவிட்டாலும், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு தட்டின் பாதியில் உன் கையாலேயே ஊசியைத் தூக்கு. ஒரு தட்டு குப்பையாகட்டும். அதற்கு உன் கையைப் பழக்கு. அந்தப் பாதித் தட்டைத் தூக்கிப் போடாதே, அலமாரியில் முதல் வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வை. வெட்டாமல் விட்ட மிச்ச இடம் கண்ணாடி மாதிரி இருக்குமல்லவா? குழந்தை பிறந்ததும் செல்வி அதைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்பாள், நீயும் பக்கத்தில் நில். அந்தக் கருப்பில் மூன்று முகம் தெரிய வேண்டும்.

அம்மா